பெரிய வெள்ளி சுறா

என்னைப் பினாங்கு வரை இழுத்துக்கொண்டு போனவை ஒரு கடிதத்தில் இருந்த மூன்றே சொற்கள். “எங்க அண்ணன் லோரி ஓட்டற கடைக்கி பெரிய வெள்ளி சுறா வருது. நீ பாத்தா மயங்கி விழுந்துடுவே” என்று மங்களா எழுதியிருந்தாள்.

மங்களா என் பேனா நண்பி. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு, பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. ஐந்து வருடக் கடிதப் பழக்கம். முகத்தைப் புகைப்படத்தில்தான் பார்த்திருந்தேன். அவள் தமிழ்ப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஒற்று எங்கே வரும், கொம்பு எங்கே வரும் என்பதெல்லாம் அவள் கடிதங்களில் அவளுடைய விருப்பம். அதனால் ‘வெள்ளி’ என்று படித்தவுடன் என் மூளை அதை ‘வெள்ளை’ என்று திருத்திக்கொண்டது. பெரிய வெள்ளைச் சுறா! ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

அப்போது நான் தூத்துக்குடியில் விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். எங்கள் பேராசிரியரிடம் ஆய்வுக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. கேட்டு நின்றவர்கள் இருவர்: நானும், என்னோடு படித்த செல்வராஜும். கடிதத்தின் அந்த வரியை நல்ல தாளில், என் திருத்தத்தோடு, பிரதி எடுத்துப் போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “மலாக்கா நீரிணையில் வெள்ளைச் சுறாவா? தாடையைக் கொண்டு வா. இடம் உனக்கு” என்றார். நான் போகாவிட்டால் இடம் செல்வராஜுக்கு. எப்படிப் போனேன், யாரிடம் கெஞ்சினேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எண்பத்து நான்காம் ஆண்டு ஒரு காலையில் ஜார்ஜ் டவுனில், ஒரு பெட்டியோடும் தையற்காரர் அளவு நாடா ஒன்றோடும் நின்றேன்.

முதல் நாளே தவறான பஸ். “நீல பஸ்ஸில ஏறு, ஜெலுத்தோங் மார்க்கெட்டுல இறங்கு” என்று மங்களா எழுதியிருந்தாள். நீலமாக வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன். உள்ளே எல்லாரும் பெண்கள், எல்லார் கழுத்திலும் ஒரு அட்டை. பாதிப் பேர் வாயைத் திறந்தபடி தூங்கினார்கள். டிக்கெட் கேட்க ஆளே வரவில்லை. என்ன நாகரிகமான ஊர் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஜெலுத்தோங் வந்தது, போனது. கடலுக்குள் வரிசையாகத் தூண்கள் நட்டுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதுவும் போனது. பஸ் ஒரு தொழிற்சாலை வாசலில் போய் நின்றது.

காவலாளி மலாயில் ஏதோ கேட்டார். பின்னால் இறங்கிய பெண் ஒருத்தி மொழிபெயர்த்தாள்: “புது ஆளான்னு கேக்கறாரு. பேரக் குடுத்துட்டு உள்ள போயி கோட்டு வாங்கிக்கச் சொல்றாரு.”

“நான் வேலைக்கு வரலை. சுறா பார்க்க வந்திருக்கேன்.”

அவள் அதை அப்படியே மலாயில் சொன்னாள். வரிசை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பிலிருந்து ஒரு குரல் மட்டும் என் பெயரைக் கத்தியது. இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த மங்களா! புகைப்படத்தில் இருந்ததைவிடக் குட்டை, இருமடங்கு சத்தம். “தூத்துக்குடியில பஸ்ஸே இல்லியாடி? இது கம்பெனி பஸ்ஸு லா!” என்று எல்லார் முன்னாலும் என் தலையில் தட்டினாள்.

தொழிற்சாலைக்கு எதிரே ஒரு தமிழ் முஸ்லிம் கடையில் மீ கோரேங் என்கிற நூடுல்ஸ் வறுவல் வாங்கிக் கொடுத்தாள். இடியாப்பத்தைப் போட்டுப் பிரட்டி, அதன் தலையில் தக்காளிச் சாற்றையும் முட்டையையும் கொட்டினால் வருமே, அந்த மாதிரி இருக்கும் என்று நினைத்து வாயில் வைத்தேன். இல்லை. நன்றாக இருந்தது. எங்கள் ஊர் ஓட்டல்களில் எண்ணெய் ஊற்றப் பயப்படுவார்கள். இங்கே நெருப்பை ஏற்றப் பயப்படுவதில்லை. “எவ்ளோ?” என்று மங்களா கேட்டாள். “ரெண்டு வெள்ளிமா” என்றார் கடைக்காரர். அவள் கொடுத்தாள். என் காது அதைக் கேட்டது, மூளை கேட்கவில்லை. அது சுறாவின் மேல் இருந்தது.

“அது ஆளத் தின்னுமா?” என்று மங்களா கேட்டாள். வெள்ளைச் சுறா என்றால் யாரும் முதலில் கேட்பது இதுதான். என்னை நிறுத்த முடியாது. பற்கள் முக்கோணம், ஓரம் முழுக்க ரம்பம் என்றேன். ஒன்று விழுந்தால் பின்வரிசையிலிருந்து அடுத்தது முன்னால் வரும். சாகும்வரை பல் முளைத்துக்கொண்டே இருக்கும். மீன்தான், ஆனால் தன் உடம்பைச் சுற்றியிருக்கும் கடலைவிடச் சூடாக வைத்துக்கொள்ளும். முட்டை இடாது, குட்டிதான் போடும். குட்டிகள் வயிற்றுக்குள் இருக்கும்போதே, தாய் உண்டாக்கிக்கொண்டே இருக்கும் கருவுறாத முட்டைகளைத் தின்று வளரும் என்று அதன் உறவுச் சுறாக்களை வைத்து ஊகித்திருந்தார்கள். பருவத்துக்கு வரவே பல வருடம். போட்டாலும் சில குட்டிகள்தான். சினையான ஒன்றை முறையாக அறுத்துப் பார்த்தவர் உலகத்தில் கிட்டத்தட்ட யாருமே இல்லை.

“அதனாலதான் சொல்றேன் மங்களா, பத்துப் பேரைப் பிடிச்சு சாகடிச்சா பத்தையும் திரும்ப நிரப்ப அதுக்கு ஒரு காலம் ஆகும். மத்தி மீன் மாதிரி இல்ல.”

“மீனப் போயி பேருங்கிற” என்றாள். அதற்குள் அவளுக்குத் தூக்கம் சொக்கியது.

மறுநாள் காலை கடைக்குப் போனோம். ஜார்ஜ் டவுன் கடற்கரைத் தெரு ஒன்றில் நீளமான கட்டடம். முன்பக்கம் கடை: காய்ந்த இறால், நெத்திலி, மூட்டை மூட்டையாகக் கருவாடு. வாசனையில் ஒரு கணம் தூத்துக்குடியில் நிற்பதாகவே தோன்றியது. பின்பக்கம் சிமெண்டு முற்றம். அதன் சுவருக்கு அப்பால் கடல். முற்றமெங்கும் மூங்கில் தட்டிகளில் சுறாத் துடுப்புகள், அவர்கள் பேச்சில் சிறகுகள், காய்ந்துகொண்டிருந்தன. சிறிதும் பெரிதுமாக, அரிவாள் அரிவாளாக.

மங்களாவின் அண்ணன் ராஜு லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். பெரிய தோள், சின்னக் குரல். “வாங்க தங்கச்சி. பசியாறியாச்சா?” என்றார். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே பசியாறுதல் என்று பெயர். எவ்வளவு அழகான பேச்சு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே கேட்டேன்.

“வெள்ளைச் சுறா எங்கே அண்ணே?”

“வெள்ளையா? ஈரத்துல கறுப்பாத்தான் இருக்கும். காஞ்சப்புறம் தோல உரிச்சா வெள்ளையாயிடும்.”

“இல்லண்ணே. மங்களா எழுதியிருந்தாளே, பெரிய வெள்ளைச் சுறான்னு.”

அவர் குழாயை மூடிவிட்டு யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. “ஓ! பெரிய வெள்ளி சுறாவா! அத சொல்லுங்க. அதோ கெடக்கு.”

முற்றத்து மூலையில் நனைந்த சாக்கின் மேல் ஒரு மீன் கிடந்தது. முதுகில் வெண்புள்ளிகள். தலை அகப்பைபோலத் தட்டை. வாய் அடியில். பல்லே இல்லாததுபோல ஒரு வாய்.

“ஒரு செட்டு சிறகு என்னா வெல தெரியுமா? மத்த சுறாவெல்லாம் இதுக்குப் பக்கத்துலயே நிக்க முடியாது. பெரிய வெள்ளி. அதான் பெரிய வெள்ளி சுறா! லோரிக்காரங்க நாங்க வெச்ச பேரு” என்றார் ராஜு, தானே பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைத்தவர் மாதிரி.

வெள்ளி என்றால் காசு. ஒரு நாள் முழுக்க அந்த ஊரில் ரெண்டு வெள்ளி, மூணு வெள்ளி என்று கேட்டுக்கொண்டே நடந்திருக்கிறேன். நான் கடல் தாண்டி வந்தது ஒரு விலைப்பட்டியலைப் பார்க்க.

மங்களாவின் மேல் பாய்ந்தேன். “என்னடி எழுதினே நீ!”

“நான் சரியாத்தானே எழுதினேன்! வெள்ளின்னுதானே போட்டேன்? நீதான் டீச்சர் மாதிரி திருத்திப் படிச்சே. ஐஞ்சு வருசமா என் எழுத்துல நான் சரியா எழுதுனது அது ஒண்ணுதான், அதப் போயி தப்புங்கிற.”

மீனின் பக்கம் திரும்பினேன். அந்த மீன் எனக்குத் தெரிந்த மீன். எங்கள் பக்கம் உழுவை என்போம். பார்வைக்குச் சுறா, உறவில் திருக்கைக்குப் பக்கம். மலாய்க்காரர்கள் கெமெஜான் என்கிறார்கள். மணலில் படுத்துக் கிடந்து நண்டையும் சிப்பியையும் நொறுக்கித் தின்னும்; யாரையும் கடித்ததில்லை. அதன் துடுப்புக்குள் இருக்கும் நார் மற்ற எந்தச் சுறாவின் நாரைவிடவும் தடிப்பு, நீளம். சூப் கிண்ணத்தில் அதற்கே முதல் மரியாதை.

மத்தியானம் தபால் நிலையத்திலிருந்து ஊருக்கு ட்ரங்க் கால் போட்டேன். ஒரு மணி நேரம் காத்திருந்து கிடைத்த பேராசிரியரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. நடந்ததைச் சொன்னேன்.

“உழுவையா? அதை நம்ம துறைமுகத்திலேயே பார்க்கலாமேம்மா. அதுக்குக் கடல் தாண்டணுமா?”

“சார், சினை மீன் வருது சார். இனப்பெருக்கம் பத்தி யாருமே சரியா எழுதலை சார்.”

“ஒண்ணு ரெண்டு மீனை வெச்சு என்ன எழுதுவே? முப்பது சினை மீனுக்கு அளவு கொண்டு வா, பார்க்கலாம். இல்லேன்னா செல்வராஜ்...” இணைப்பு அறுந்தது.

எனக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

அடுத்த நான்கு நாட்கள் ராஜு அண்ணனின் லோரியில் கழிந்தன. விடிந்ததும் தீவின் தெற்கே பத்து மாவுங் பக்கத்துத் துறைக்குப் போய் மீனை ஏற்றுவோம். பனிக்கட்டி உருகி, மீன் தண்ணீர் லோரியின் பின்னால் கோடு போட்டுக்கொண்டே வரும். ஜெலுத்தோங் சாலையில் ஒருநாள் அந்தத் தண்ணீரில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வழுக்கி விழுந்து, எழுந்து, எங்களைத் துரத்திப் பிடித்தார். ஹொக்கியன் என்கிற சீன மொழியில் பொழிந்துவிட்டுப் போனார். “என்னண்ணே சொன்னார்?” என்றேன். “நம்ம அப்பா அம்மாவ நலம் விசாரிச்சாரு” என்றார் ராஜு. இன்னொரு நாள் சந்துக்குள் சிக்கிக்கொண்டோம். “எறங்கிப் பின்னால நின்னு பாருங்க தங்கச்சி, கோஸ்தான் பண்ணணும்” என்றார். கோஸ்தான் என்றால் வண்டியைப் பின்னால் எடுப்பது என்று எனக்குத் தெரிவதற்குள் ஒரு கோப்பிக்கடையின் இரண்டு நாற்காலிகள் போய்விட்டன.

முற்றத்தில் உட்கார்ந்து அளப்பேன். மீன் என் நாடாவைவிட நீளம். பாதியில் விரலை வைத்து, நாடாவை நகர்த்தி, மறுபடி அளக்க வேண்டும். கத்தி போடுகிறவர்கள் துடுப்பை அறுத்ததும் வயிற்றை எனக்கு விட்டுக்கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு உழுவை இரண்டோ மூன்றோ வரும். பெரும்பாலும் ஆண். நான்கு நாளில் சினை மீன் நான்குதான் கிடைத்தது. முப்பது எங்கே, நான்கு எங்கே?

ஆனால் அந்த நான்கிலும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். ஆண் மீன்களின் இரைப்பையில் ஆழத்து நண்டுகள். சினை மீன்களின் இரைப்பையில் மட்டும் கெராங் ஓடு. கெராங் என்பது இங்கே எல்லாரும் அவித்துத் தின்கிற சிப்பி. சேறும் மணலும் கலந்த ஆழமற்ற கரையில்தான் விளையும். குட்டிகளும் முழுதாக வளர்ந்திருந்தன. மஞ்சட்கருப் பை வற்றி, இன்றோ நாளையோ பிறக்கிற நிலை. இரண்டையும் சேர்த்தேன். ஈனும் காலத்தில் பெண் மீன்கள் கெராங் விளையும் ஆழமற்ற தண்ணீருக்கு வருகின்றன! அங்கே போட்டால் குட்டிகளைப் பெரிய சுறா வந்து தின்னாது.

“கெராங் எங்கே அதிகம் அண்ணே?” என்று கேட்டேன். ராஜு ஓர் ஆற்று முகத்துவாரத்தின் பெயரைச் சொன்னார். நிலப்பரப்புக் கரையில் இருக்கிறது. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஒரு தடவை சொன்னது போதும்.

ஆறாம் நாள் தவுக்கே என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். கடை முதலாளியை அங்கே தவுக்கே என்பார்கள். இவர் ஒல்லியான சீனர், எப்போதும் வெள்ளை பனியன், மூக்கு நுனியில் கண்ணாடி. ராஜு மொழிபெயர்க்க நாங்கள் மூவரும் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம்.

“மீன் வயித்தப் பாக்க இந்தியாவுலேருந்து வந்த பொண்ணு இதுதானா? வீட்டுல தேடமாட்டாங்களான்னு கேக்கறாரு” என்றார் ராஜு.

“செல்வராஜ்னு ஒருத்தன் மட்டும் நான் திரும்பி வராம இருக்க வேண்டிக்கிட்டிருப்பான்னு சொல்லுங்க.”

சொன்னார். தவுக்கே கையால் மேசையைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. வந்த நாளிலிருந்து யாரும் என்னைப் பொருட்படுத்திக் கேட்டதில்லை, அவர் கேட்டார். குட்டி எத்தனை போடும், எத்தனை வருடத்தில் பெரிதாகும், ஏன் வர வர குறைகிறது. நான் வெள்ளைச் சுறாவில் தொடங்கினேன். இந்த மாதிரி மீன்கள் மெதுவாக வளரும், கொஞ்சமாகத்தான் பெற்றுக்கொள்ளும், சினை மீனைப் பிடித்தால் வட்டியோடு முதலும் போச்சு என்று விளக்கினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். என் பேராசிரியர்கூட அப்படித் தலையசைத்ததில்லை.

சூப் வந்தது. சின்ன வெள்ளைக் கிண்ணம். ஊசி ஊசியாகக் கண்ணாடி நார்கள். தின்னக்கூடாது என்று நினைத்தேன், தின்றேன். அதற்குச் சுவையே இல்லை. கோழிச் சாற்றின் சுவைதான் இருந்தது, அதில் கொஞ்சம் வழவழப்பு. இதற்காகவா என்று கேட்கத் தோன்றியது. விருந்தாளி கேட்கக்கூடாது.

தவுக்கே என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ராஜு மொழிபெயர்த்தார்: “சினை மீன் எங்க இருக்கும்னு ஒங்க பொஸ்தகத்துல போட்டிருக்கான்னு கேக்கறாரு.”

“புத்தகத்துல இல்லை. ஆனா எனக்குத் தெரியும்” என்றேன்.

எவ்வளவு வேகமாகச் சொன்னேன்! கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, மேசை விரிப்புத் தாளில் கரையை வரைந்தேன். ஆற்று முகம், சேறு, கெராங், உள்ளே வரும் பெண் மீன்கள் எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டுக் காட்டினேன். முகத்துவாரத்தின் பெயரையும் சொல்லி முடித்துவிட்டு ராஜுவைப் பார்த்தேன். அவர் மொழிபெயர்க்கவில்லை.

“சொல்லவா தங்கச்சி?” என்று கேட்டார்.

மெதுவாகத்தான் கேட்டார். அந்த மனிதர் எட்டாம் வகுப்புப் படித்தவர். அவருக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்ததா என்று இத்தனை வருடமும் என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான்கு மீன் என்பது மட்டும் என் தலைக்குள் இருந்தது. முப்பது என்பதும்.

“சொல்லுங்கண்ணே” என்றேன்.

அவர் சொன்னார். தவுக்கே அந்தத் தாளைக் கிழித்து, நான்காக மடித்து, கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு இன்னொரு கிண்ணம் சூப் வந்தது.

இரண்டு நாட்கள் லோரி போகவில்லை. “படகெல்லாம் வேற பக்கம் போயிருக்கு” என்றார் ராஜு. மங்களா ஷிப்ட் மாறியிருந்ததால் என்னை ஊர் சுற்றக் கூட்டிப்போனாள். மலை ரயிலில் ஏறினோம். உச்சிக்குப் போனதும் மேகம் வந்து மூடியது, அவள் முகத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. படகில் அக்கரை போனோம், இறங்காமலே திரும்பினோம். அந்தப் படகில் இரண்டு கிழவர்கள் மலாயில் பேசிக்கொண்டதை அவள் மொழிபெயர்த்தாள்: “பாலம் வந்துட்டா இந்தப் படகுக்கு யாரு வருவா? — வருவாங்க, வருவாங்க, பாலத்துல உக்காந்து கோப்பி குடிக்க முடியாதே.” நானும் சிரித்தேன். உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது: இன்னும் இரண்டு நாள், இருபத்தாறு மீன்.

ஒன்பதாம் நாள் காலை லோரி முற்றத்துக்குள் பின்னால் வந்து நின்றது. ராஜு பின்கதவைத் திறந்தார். நான் என் வாழ்க்கையில் அத்தனை உழுவைகளை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. அத்தனையும் பெண். அத்தனையும் சினை. சாக்குகள் போதவில்லை, வெறும் சிமெண்டில் இழுத்துப் போட்டார்கள். நெருக்கத்தில் வயிறுகள் அழுந்தி, சிலவற்றுக்குக் குட்டி பாதி வெளியே வந்திருந்தது.

கத்தி போடுகிறவர்கள் பாட்டுப் பாடினார்கள். தவுக்கே பனியனோடு நடுவில் நின்று என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். ராஜு லோரிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் என்ன செய்தேன்? அளந்தேன். ஓடி ஓடி அளந்தேன். ஒரு மீனைக்கூட விடவில்லை. நீளம், சுற்றளவு, குட்டிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு குட்டியின் நீளம், ஆணா பெண்ணா. அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது, எடுத்துப் பார்த்தால் மற்ற நாட்களைவிட அன்றைய எழுத்துத்தான் அழகாக இருக்கிறது. மத்தியானத்துக்குள் முப்பதைத் தாண்டிவிட்டேன். தாண்டிய கணத்தில் சந்தோஷப்பட்டேன். இதை எழுதத்தான் வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

இப்போது, தொண்ணூறுகளின் கடைசியில், சில நாடுகளில் வெள்ளைச் சுறாவைப் பிடிக்கக்கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. செய்தித்தாளில் படித்தேன், நல்ல விஷயம். அதற்குப் பயங்கரமான பல் இருந்தது, அதனால் உலகம் முழுக்கப் பெயர் இருந்தது. பயந்தவர்களே பின்னால் அதற்காகப் பரிந்து பேசவும் வந்தார்கள். சிப்பி நொறுக்கித் தின்கிற, யாரையும் பயமுறுத்தத் தெரியாத உழுவைக்கு விலை மட்டும்தான் இருந்தது. அதற்கு எந்த நாட்டிலும் சட்டம் வந்ததாக நான் படிக்கவில்லை. அதைப் பற்றிப் பேச நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த ஒருத்தி என்ன பேசினாள் என்று மேலே சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் மங்களா வந்தாள். முற்றத்தைப் பார்த்து மூக்கைப் பொத்தியவள், பிறகு கையை எடுத்துவிட்டாள். கடைசி மீனை நான் திறந்துகொண்டிருந்தேன். பெரிய மீன். அது செத்து நேரமாகியிருந்தது. உள்ளே இருந்த ஏழு குட்டிகள் சாகவில்லை. ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். முதுகில் அம்மாவின் வெண்புள்ளிகள், புத்தம் புதிதாக. செவுள்கள் திறந்து மூடின.

“ஐயோ, உசுரோட இருக்கு! இருக்கு பாரு!” என்றாள். எனக்கு முன்னால் அவள்தான் ஓடினாள். வாளியில் கடல் தண்ணீர் மொண்டு வந்தாள். ஏழையும் போட்டோம். வட்டமாகச் சுற்றின. ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

சுவரின் மூலையில் கடலுக்கு இறங்கும் படி இருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அவள் சேலையைப் பற்றிக் கவலைப்படாமல் முழங்கால் தண்ணீரில் நின்றாள். ஒன்றை எடுத்து விட்டாள். அது அடியில் போய்ப் படுத்தது. செத்துவிட்டதோ என்று நினைத்தோம். பிறகு வாலை ஒருதரம் ஆட்டியது, மணல் கலங்கியது, அங்கே அது இல்லை. “போயிடுச்சு!” என்று கை தட்டினாள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதை விடும்போது, “நீ பெரியவளாயி இந்தப் பக்கம் வராத, தெரியுதா? இந்தத் தெருவே சரியில்ல” என்று அதனிடம் சொன்னாள்.

ஐந்தாவதுக்குக் கையை நீட்டினாள். நான் வாளியை நகர்த்திக்கொண்டேன்.

“இது மூணும் எனக்கு வேணும்.”

“வளக்கப் போறியா?”

“சாருக்குக் காட்டணும். அளவு மட்டும் போதாது, மாதிரியும் வேணும். முழு வளர்ச்சியில குட்டி, யார்கிட்டயும் இல்ல மங்களா.”

அவள் தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள். காலையிலேயே மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்த பார்மலின் பாட்டிலை எடுத்தேன். ராஜு அண்ணன் கொடுத்த கண்ணாடி ஊறுகாய் ஜாடிகள் இரண்டு காலியாக இருந்தன. பெரியதில் மூன்றையும் வளைத்து வைத்தேன். கண்ணை எரிக்கும் அந்த வாசனை எழுந்தது. ஜாடியின் சுவரில் வால்கள் மோதிய சத்தம் நன்றாகக் கேட்டது.

“இதுக்கு மூச்சு முட்டாதா?” என்று மங்களா கேட்டாள்.

“கொஞ்ச நேரந்தான்” என்றேன்.

அவள், நான் கிளம்புகிற அன்றைக்குத் தனக்கு ஷிப்ட் இருக்கிறது என்றாள். ராஜு அண்ணன்தான் என்னைக் கொண்டுவந்து விட்டார். வழி முழுக்கச் சாலையைப் பற்றி மட்டுமே பேசினார்.

பேராசிரியர் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அட்டவணையைப் புரட்டினார். “எல்லாமே சினை மீனா? எப்படிம்மா கிடைச்சது?” என்றார். “சரியான இடத்துக்குப் போனேன் சார்” என்றேன். ஆய்வு இடம் எனக்குக் கிடைத்தது. அவை மூன்றும் இன்றும் எங்கள் கல்லூரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ‘மாதிரிகள் நல்ல நிலையில் பெறப்பட்டன’ என்று ஆய்வேட்டில் எழுதினேன். அந்த நல்ல நிலை எது என்று வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்கவில்லை.